கழிவு போக நாய் எவ்வளவு?

எங்கள் வீட்டு நாய் குரைக்காது. அதனால் அதைக் குறைப்பது என்று முடிவு செய்தேன்.

சும்மா எடுத்த முடிவு இல்லை. போன தை மாதம் ஒருத்தன் பட்டப்பகலில் கேட்டைத் திறந்து வந்து, வாசலில் கிடந்த என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஆம்பூரில் செருப்புத் திருடுகிறவன் எவ்வளவு பெரிய சோம்பேறியாக இருக்க வேண்டும். கல்லை விட்டெறிந்தால் ஷூ கம்பெனி மேல்தான் விழும். என் ஆத்திரம் அவன் மேல் இல்லை. அவன் எங்கள் ஜமீனைத் தாண்டிக்கொண்டு போயிருக்கிறான். போகும்போது தலையில் தடவிக்கொடுத்துவிட்டு வேறு போயிருக்கிறான்.

ஜமீன் என்பது நாயின் பெயர். மகள் தமிழினி பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன லாப்ரடார். அவள் வைத்த பெயர் வாயில் நுழையவில்லை. நாள் முழுக்கப் படுத்தபடி வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கப்பம் வாங்கித் தின்கிற பிராணிக்கு ஜமீன் என்றுதானே பெயர் வைக்க முடியும்.

பக்கத்து வீட்டு அமீர் பாஷா தன் வீட்டு கேமராவில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார். சிரித்துக்கொண்டுதான் பார்க்க ஆரம்பித்தோம். திருடன் வருகிறான். ஜமீன் தலையைத் தூக்குகிறது. எழப் பார்க்கிறது. முன்னங்கால் எழுகிறது, பின்னங்கால் வரவில்லை. மறுபடி முயற்சி செய்கிறது. இடுப்பு அப்படியே சரிகிறது. வேறு வழியில்லாமல் வாலை ஆட்டுகிறது.

பாஷா கேமராவை நிறுத்திவிட்டார். "கோதண்டம், இது கொழுப்பு இல்லப்பா. இதுக்கு முடியல," என்றார்.

அன்று சாயந்திரமே டாக்டரிடம் போனோம்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோதண்டபாணி, தோல் வியாபாரி. சொந்த ஊர் கலவை. மீசை முளைக்கும் முன்னே ஆம்பூருக்கு வந்து, தோல் ஷெட்டில் உப்பு தட்டி, அடியும் பட்டு ஏச்சும் பட்டு இன்று சொந்தக் குடோன் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், பேரத்தில் படித்தது மிச்சம். எவன் சொன்ன முதல் விலைக்கும் நான் தலையாட்டியதில்லை. கல்யாணத்தன்று மூன்று முடிச்சு போடச் சொன்னபோது, இரண்டில் முடியாதா என்று கேட்டவன் நான். முடியாது என்றுவிட்டார்கள். அன்றைக்கு ஒத்துக்கொண்ட முழு விலையை இன்று வரை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த விலையின் பெயர் மரகதம். விரிஞ்சிபுரத்துப் பெண். குரல் உயர்த்திப் பேச மாட்டாள். அதுதான் ஆபத்து.

எனக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. தராசில் ஏறுவது சரக்கு. வியாபாரி ஏறக் கூடாது. சர்க்கரை இருக்கிறது, உடம்பைக் குறையுங்கள் என்று மனுஷ டாக்டர் ஒருவர் சொன்ன நாளிலிருந்து நான் அவரைத்தான் குறைத்துவிட்டேன். மரகதமும் "ஒரு தடவ வெயிட் பாத்துட்டு வரலாம் வாங்க" என்று வருஷக்கணக்காகக் கெஞ்சிப் பார்த்தாள். நான் அசையவில்லை.

நாய் டாக்டர் பரணிதரன் சின்னப் பையன். தரையோடு தரையாக ஒரு பெரிய தராசு வைத்திருந்தார். "ஏத்துங்க சார்," என்றார்.

"தனியா நிக்காது டாக்டர். மெரளும்," என்றாள் மரகதம். "இவரும் கூட நின்னாருன்னா நிக்கும்."

ஜமீன் மிரண்டு நான் பார்த்ததே இல்லை. மிரளவும் அதற்குச் சோம்பல். இருந்தாலும் அந்தக் கேமராக் காட்சி கண்ணுக்குள்ளேயே இருந்தது. கொள்கையைச் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். இருவருமாக நூற்று நாற்பத்திரண்டு கிலோ.

"உங்க வெயிட் எவ்ளோ சார்? கழிச்சிக்கலாம்."

கழிப்பது என்றதும் எனக்குள் வியாபாரி விழித்துக்கொண்டான். பச்சைத் தோல் எடை போட்டால் அப்படியே கணக்கு எழுத மாட்டோம். உப்புக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்போம். அதற்குக் கழிவு என்று பெயர். கழிவு ஜாஸ்தியானால் சரக்கு கம்மி. முப்பது வருஷமாக என் நாக்கு இந்த ஒரு கணக்கில்தான் ஊறியிருக்கிறது.

"நூத்தி எட்டு," என்றேன்.

மரகதம் திரும்பினாள். "எவ்ளோ?"

"நீ சும்மா இரு. டாக்டர், நூத்தி எட்டு போடுங்க. நாய் முப்பத்தி நாலுதான் வருது. பரவால்ல பாருங்க."

"இது முப்பத்தி நாலு மாதிரி தெரியல சார். நீங்க மட்டும் நில்லுங்க."

நின்றேன். தொண்ணூற்றெட்டு.

"தராசு சரியில்ல," என்றேன். "நான் நூறுக்கு மேல. ரெண்டு வருஷமாவே நூறுக்கு மேல. வேணும்னா சாவிக்கொத்து, போன், பெல்ட்டு எல்லாத்தையும் கையில குடுங்க, இன்னொரு தடவ போடுங்க."

நாயின் எடையைக் குறைக்க என் எடையை நானே கூட்டிக்கொண்டிருந்தேன். இதை உலகத்தில் தோல் வியாபாரி ஒருத்தன்தான் செய்வான். மரகதம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டையில் அவள் சுவரைப் பார்த்தால் நான் ஜெயிக்கிறேன் என்று நினைப்பது என் வழக்கம்.

"நாய் நாப்பத்தி நாலு சார். முப்பத்திரண்டுக்கு வரணும்."

"முப்பத்தாறு."

"சார், இது நாய் சார்."

"முப்பத்தஞ்சுன்னு முடிங்க."

"நான் முடிச்சிடுவேன். அதோட இடுப்பு எலும்பு ஒத்துக்காது." குரலைத் தாழ்த்தினார். "இப்படியே விட்டா இந்த வருஷத்துக்குள்ள பின்னங்கால் ரெண்டும் விழுந்துடும். அப்புறம் எழவே எழாது."

முதல் விலைக்கு நான் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. மூன்று மாதத்தில் முப்பத்தெட்டாவது வர வேண்டும், ஒரேயடியாக இறக்கக் கூடாது என்றார். அந்த நேரம் பார்த்து எவனோ என் வண்டிக்குக் குறுக்கே ஆட்டோவை நிறுத்திவிட்டான். நான் கத்தப் போனேன். மரகதம் உள்ளே டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் நான் போட்ட மிக வீணான சண்டை அந்த ஆட்டோச் சண்டை.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை போட்டேன். இந்த நாய்க்கு யார் யார் சோறு போடுகிறீர்கள்?

"காலைல ஒரு தோசை," என்றாள் மரகதம். "மத்தியானம் தயிர் சோறு. சாயந்திரம் அது பாக்குதேன்னு பிஸ்கட்டு."

மதில் மேல் தலை தெரிந்தது. பாஷாவின் மனைவி பில்கிஸ். "நான் எலும்பு மட்டும்தான் அண்ணா."

"எலும்பு மட்டுமா?"

"எலும்புல கொஞ்சம் சோறு ஒட்டினு இருக்கும்."

"எவ்ளோ சோறு?"

"எலும்பு தெரியாத அளவுக்கு," என்றார் உள்ளேயிருந்து பாஷா.

"நீங்க இன்னா போடறீங்க, அத்த சொல்லுங்க," என்றாள் மரகதம்.

என்னிடம் கேட்டதை நான் ரசிக்கவில்லை. நான் பிரியாணி தின்னும்போது பாதித் தட்டு கீழே போகும். அது பாசம். மற்றவர்கள் செய்வது அட்டூழியம்.

இன்றிலிருந்து சட்டம் என்றேன். சோறு கட், கறி கட், தோசை கட் என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். சோறு, கறி, தோசை என்று காதில் விழுந்ததும் ஜமீன் தவழ்ந்து தவழ்ந்து வந்து என் கால் மேல் எச்சில் ஒழுக்கியது.

"அது எதிர்ல பேசாதீங்க," என்றாள் மரகதம். "அதுக்கு எல்லாம் புரியும். மனசு ஒடஞ்சிடும்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேரும் கையை நீட்டுவார்கள், மேலே துண்டைப் போடுவார்கள், அடியில் விரலைப் பிடித்துப் பேரம் நடக்கும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நடுவில் தரகர் உட்கார்ந்திருப்பார். யார் ஜெயித்தாலும் அவருக்குத் தரகு உண்டு. நான் அதில் பழம் தின்று கொட்டை போட்டவன்.

சோபாவில் உட்கார்ந்தோம். துண்டைப் போட்டேன். ஒரு விரல் என்றால் ஒரு கப் என்று மரகதத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாவம், புதுசு. ஜமீன் வந்து துண்டின் மேலேயே தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. தரகரும் வந்தாயிற்று.

அவள் என் ஐந்து விரலையும் பிடித்தாள். நான் ஒற்றை விரலைப் பிடித்தேன். அவள் நான்குக்கு வந்தாள். நான் அசையவில்லை. கடைசியில் ஒரு நாளைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தீனி இரண்டு கப் என்று முடிந்தது. எனக்கே சந்தேகம் வரும் அளவுக்குச் சீக்கிரம் முடிந்தது.

"சரி, எனக்கும் கொஞ்சம் கேக்கணும்," என்றாள்.

"கேளு." வெற்றி மயக்கம்.

"காலைல ஒரு நடை, சாயந்திரம் ஒரு நடை. நீங்கதான் இட்னு போவணும். பாலாத்துப் பாலம் வரைக்கும்."

துண்டுக்கடியில் இரண்டு விரல். நான் ஒன்றைப் பிடித்தேன். "காலைல மட்டும்."

"அது முன்னாடி அது தின்னக்கூடாதத நாமளும் தின்னக் கூடாது. ஏங்கிடும்."

"சரி." என் தந்திரம் என்னவென்றால், வெளியே கடைகள் இருக்கின்றன.

"வெளிய தின்னுட்டு வந்தாலும் வாசனை புடிக்கும். அதனால பிரியாணி அடியோட வேணாம்."

"ஏய், ஆம்பூர்ல இருந்துக்கினு இன்னா பேச்சு பேசற?"

"வாயில்லா ஜீவனோட காலுங்க."

போராடினேன். விரல் வலிக்கப் போராடினேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு தட்டு என்று இறங்கி வந்தாள். பெருமூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்றுகூட நினைக்கிறேன். கேட்டதில் பாதிக்கு முடித்துவிட்டேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் விடியலில் தெரிந்தது வாழ்க்கை.

ஜமீன் தெருமுனை வரை வந்து உட்கார்ந்துவிட்டது. இழுத்தால் சறுக்கிக்கொண்டு வருகிறது, நடக்கவில்லை. தூக்க முடியாது. திட்டினால் நக்குகிறது. ஷூ கம்பெனி வேனில் வேலைக்குப் போகிற பெண்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாண்ணா, வண்டி ஸ்டார்ட் ஆவலியா?" என்று கேட்டார்கள். கொஞ்ச தூரத்தில் எனக்கே மூச்சு வாங்கியது. இருவரும் ஒரு மூடின கடைப் படியில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, தொழுகை முடிந்து பாஷா வந்தார்.

"கோதண்டம், யாரு யாரை இட்னு வந்தீங்க?"

"பேஜார் பண்ணாத பாய். போ."

வீட்டிலோ இன்னும் மோசம். தரகர் எப்போதும் சாப்பாட்டு மேஜைக்கடியில்தான். மரகதம் எனக்கு இரண்டு சப்பாத்தியும் கீரையும் வைப்பாள். நெய் எங்கே என்றால் கீழே கையைக் காட்டுவாள். அப்பளம் எங்கே என்றால் கீழே கையைக் காட்டுவாள். ஒருநாள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முறுக்கு கடித்தேன். வெளியே கதவைப் பிறாண்டும் சத்தம். கூடவே மரகதத்தின் குரல். "உள்ள இன்னா, பல்லு ஒடையுதா?"

ஒரு புதன்கிழமை பொறுக்க முடியவில்லை. லியாகத் அலி கடைக்குப் போனேன். சீரக சம்பா பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கு. தின்றேன். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். சோம்பு மென்றேன். குடோனில் தோல் கட்டுகளுக்கு நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன், அந்த நாற்றத்தில் எந்த வாசனையும் செத்துவிடும் என்று. வீட்டுக்கு வந்தேன். ஜமீன் வந்து என் மணிக்கட்டை முகர்ந்தது. என் முன்னால் உட்கார்ந்தது. என்னையே பார்த்து ஒரு முழம் எச்சில் விட்டது.

மரகதம் என்னைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்தாள். "லியாகத் பாய் கடையா?"

"யாரு சொன்னா?"

"அதான் சொல்லுதே. உங்க யாவாரத்துல துண்டு போட்டுப் பேசி மீறினா இன்னா பண்ணுவாங்க?"

அபராதமாக சாயந்திர நடை.

நான் இவ்வளவு பட்டும் நாய் சட்டென்று இளைத்த மாதிரித் தெரியவில்லை. அவள்தான் பின்னால் தோசை போடுகிறாள் என்று முடிவு செய்தேன். கையும் களவுமாகப் பிடிக்க ஒரு மத்தியானம் பின்வாசல் வழியாக வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினேன். பையில் இரண்டு சமோசா. காவலுக்குப் போகிறவன் பட்டினியாகவா போவான்?

மதிலோரம் பேச்சுக் குரல்.

"கொஞ்சூண்டு எலும்புக்கா. அது மூஞ்சப் பாருங்க," என்றாள் பில்கிஸ்.

"வேணாம் பில்கிஸ். இப்பதான் ரெண்டும் கொஞ்சம் வழிக்கு வருது. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கறதுகூட கம்மியாய்க்குது."

எனக்குக் கோபம் போய்விட்டது. பின்னங்கால் இரண்டும் தேறுவதைச் சொல்கிறாள், பாவம், இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று நெஞ்சு உருகிய நேரம், பின்னாலிருந்து ஈரமாக ஒரு மூக்கு என் பையில் நுழைந்தது. அப்படியே சட்டைப்பையைக் கவ்வி என்னை வெளியே இழுத்து வந்து மரகதத்தின் முன்னால் நிறுத்தியது.

"சமோசாவா?" என்றாள்.

மறுபடி சாயந்திர நடை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் மாதம் ஒரு நாள், கூரியர்காரன் கேட்டைத் திறந்தான். ஜமீன் எழுந்தது. நான்கு காலிலும் எழுந்தது. ஓடிப்போய் அவன் முன்னால் நின்று குரைத்தது. எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. கூரியர்காரன் பார்சலைப் போட்டுவிட்டு ஓடினான். நான் மீசையைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதை அவள் பார்த்துவிட்டாள்.

மறுபடி டாக்டரிடம் போனோம். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு தராசில் ஏறத் தயாரானேன். அதற்குள் ஜமீன் தானாக ஏறி, கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றது. முப்பத்தெட்டு.

"பாத்தியா," என்றேன். "ஆறு கிலோ. பேசின விலைக்குச் சரக்கு வந்துடுச்சி. இதுக்குப் பேரு பேரம்." அப்புறம்தான் உறைத்தது. "டாக்டர், தனியா நிக்குதே. மெரளுமே?"

"இது மெரளாது சார்," என்றார் பரணிதரன், ஊசியை எடுத்துக்கொண்டே. "நீங்க வர்றதுக்கு முன்னாடியே அம்மா தடுப்பூசிக்கு இட்டுனு வருவாங்களே. அப்பல்லாம் தனியாத்தான் நிக்கும்."

நான் மரகதத்தைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"நடையும் கரெக்டா போயிருக்கீங்க சார். நான் அன்னிக்கே அம்மாகிட்ட காலைல ஒரு நடை போதும்னுதான் சொன்னேன்."

ஒரு நடை. அவள் கேட்டது இரண்டு. ரத்தம் சிந்தி நான் இறக்கியது ஒன்று. வேண்டியதைப் போல இரண்டு மடங்கு கேள், பிறகு மனசே இல்லாத மாதிரி இறங்கி வா, எதிராளி சந்தோஷமாகப் போவான். இது சோறு தின்னும்போதெல்லாம் நான் அவளிடம் பீற்றிக்கொண்ட வித்தை.

"டாக்டர்," என்றாள் மரகதம், குரல் உயர்த்தாமல். "நாய் போட்டாச்சி. அந்தக் கழிவையும் ஒரு தடவ போட்டுப் பாத்துடலாமா?"

"நான் எதுக்கு ஏறணும்?"

"போன தடவ தராசு சரியில்லன்னு நீங்கதான சொன்னீங்க. ரெண்டு வருஷமா நூறுக்கு மேலன்னு டாக்டர் எதிர்ல சொன்னீங்க. எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல." தராசைக் கையால் காட்டினாள். "ஏறுங்க."

ஏறினேன். தொண்ணூறு.

"நாயைவிட ரெண்டு கிலோ ஜாஸ்தி கொறஞ்சிருக்கீங்க சார்," என்றார் டாக்டர். சிரிப்பை அடக்க ஊசிப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

வண்டியில் வந்து உட்கார்ந்தோம். முன் சீட்டில் அவள், பின் சீட்டில் ஜமீன். நான் சாவியைப் போடும் முன்னே அவள் என் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கை மேல் போட்டாள். அடியில் கையை விட்டு, ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். விட்டுவிட்டு மறுபடி ஐந்தையும் பிடித்தாள். இன்னும் பத்து கிலோ.

நான் மூன்று விரலைப் பிடித்தேன். அவள் ஐந்தில் முடித்தாள். எனக்கே தெரியும், அவளுக்கு வேண்டியது ஐந்துதான்.

பிறகு கைப்பையைத் திறந்து ஒரு கேரட் துண்டை எடுத்துப் பின் சீட்டுக்கு நீட்டினாள். ஜமீன் நறுக்கென்று வாங்கிக்கொண்டது.

"இப்ப எதுக்கு அதுக்குத் தீனி?" என்று எரிந்து விழுந்தேன்.

"தீனி இல்லங்க," என்றாள். "தரகு."